ஊசியும் நூலும்

“ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?” என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. தையலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. யாரோ ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை பற்றிப் பேச்சு வரும்போது, திண்ணையிலோ டீக்கடை பெஞ்சிலோ ஒருவர் இதை எடுத்து விடுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சொன்னவர் தீர்ப்பு எழுதியாயிற்று. அதற்கு அப்பீல் இல்லை.

இந்தப் பழமொழி திண்ணையோடு நிற்கவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் ஒரு காலத்தில் கறுப்பு அங்கி போட்டு உட்கார்ந்திருந்தது, ஆங்கிலம் பேசிக்கொண்டு. அதை அங்கிருந்து எழுப்பிய கதை நீளமானது. எழுந்தது முழுதாக வெளியே போய்விட்டதா என்றால், அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை.

காகிதத்தில் வரும் குரல்

மேல்முறையீடு என்றால் வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேல்முறையீட்டில் பெரும்பாலும் எந்தச் சாட்சியும் கூண்டில் ஏறுவதில்லை. பாதிக்கப்பட்ட பெண் விசாரணை நீதிமன்றத்தில் நின்றபோது முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது, ஒரு கேள்விக்குப் பதில் வராமல் தொண்டை அடைத்தது, எதிரியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசியது எல்லாம் அந்த அறையோடு போயிற்று. சாட்சி நடந்துகொண்ட விதத்தை விசாரணை நீதிபதி குறித்து வைக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படிக் குறிப்பு எழுதப்படாத வழக்குகளில் மேலே போவது தட்டச்சுத் தாள் மட்டும்தான்.

அந்தத் தாளில் அவள் ‘அ.சா.1’. அரசுத் தரப்பு முதல் சாட்சி. அவள் ஊர்ப்பேச்சில், “என்னால ஒண்ணும் பண்ண முடியலீங்க” என்று சொல்லியிருப்பாள். தாளில் அது, “நான் செய்வதறியாது இருந்தேன்” என்று கோர்ட்டுத் தமிழாகும். உயர் நீதிமன்றத்தில் அதை வைத்து ஆங்கிலத்தில் வாதம் நடக்கும். வாயிலிருந்து காதுக்கு வருவதற்குள் அந்த வாக்கியம் இரண்டு முறை சட்டை மாற்றிவிடுகிறது.

தாளில் இடைவெளிகள் இருக்கும். ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? எல்லாவற்றுக்கும் சாட்சியத்தில் பதில் இராது. பல நேரம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். அந்த இடைவெளியை மேல்முறையீட்டு நீதிபதி எதைக் கொண்டு நிரப்புகிறார்? தமக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு, ‘இப்படி நடந்தால் ஒரு பெண் இப்படித்தான் செய்வாள்’ என்று தம் மனத்தில் இருக்கும் படத்தைக் கொண்டு. பழமொழி உள்ளே நுழைந்த வாசல் அதுதான். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

அன்று: தேசாய்கஞ்ச், 1972

மகாராஷ்டிரத்தில் அன்றைய சந்திரபூர் மாவட்டத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். 1972 மார்ச் 26, இரவு. கூலி வேலை செய்து பிழைத்த ஒரு பழங்குடிப் பெண். மருத்துவர் கணித்த வயது 14 முதல் 16. அவளைக் கடத்திவிட்டார்கள் என்று அவள் அண்ணன் கொடுத்த புகாரை விசாரிக்க எல்லாரையும் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். விசாரணை முடிந்து கிளம்பும் நேரத்தில் மற்றவர்களை வெளியே போகச் சொல்லி, அவளை மட்டும் உள்ளே நிறுத்தினார்கள். வெளியே காத்திருந்தவர்கள் பார்த்தது: நிலையத்தின் விளக்கு அணைந்தது, கதவு சாத்தப்பட்டது. கூப்பிட்டார்கள், கூட்டம் சேர்ந்தது. பிறகு அவள் வெளியே வந்து, காவலர் கணபத் தன்னைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னாள். தலைமைக் காவலர் துக்காராம் தன்னிடம் தகாத முறையில் நடந்ததாகப் பிறகு சாட்சியம் சொன்னாள்.

இந்த ஒரே சாட்சியத்தை மூன்று நீதிமன்றங்கள் படித்தன. 1974இல் செஷன்ஸ் நீதிபதி அவளைப் பொய் சொல்பவள் என்றார். உறவு நடந்திருக்கலாம், ஆனால் உறவு வேறு, வன்புணர்ச்சி வேறு என்று இருவரையும் விடுதலை செய்தார். 1976இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அதே தாள்களைப் படித்து நேர்மாறான முடிவுக்கு வந்தது. முன்பின் தெரியாத காவலர்களிடம், இரவில், அண்ணன் வாசலில் நிற்கும்போது இவளாக இசைந்தாள் என்பது நம்பக்கூடியதா? பயத்தில் அடங்கிப்போவது சம்மதம் ஆகாது. கணபத்துக்கு 5 ஆண்டு, துக்காராமுக்கு 1 ஆண்டு.

1978 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. உடம்பில் காயம் இல்லை. ஆகவே அவள் எதிர்த்துப் போராடினாள் என்பது பொய். கூட வந்தவர்கள் அருகில் இருந்தும் காவலர் கையைப் பிடித்தபோது அவள் கூக்குரல் இடவில்லை. ஆகவே நடந்தது அமைதியாக நடந்த ஒன்று. இருவரும் விடுதலை.

இந்த வாதத்தைப் பிரித்துப் பாருங்கள். காயம் இல்லை என்பது தாளில் இருந்தது. காயம் இல்லாவிட்டால் சம்மதம் என்பது தாளில் எங்கும் இல்லை. அது நீதிமன்றம் தன் கையிலிருந்து போட்டது. மருத்துவப் பரிசோதனையே மறுநாள் இரவுதான் நடந்தது. அவள் துணியிலும் கணபத்தின் கால்சட்டையிலும் விந்துக்கறை இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால், காக்கி உடைக்கு முன்னால், ஒரு கூலிப்பெண்ணின் மௌனத்துக்கு என்ன பொருள் என்ற கேள்வி மட்டும் எழவில்லை. ‘மௌனம் சம்மதம்’ என்று கல்யாணப் பேச்சில் சொல்வோமே, அது காவல் நிலையத்துக்கும் பொருந்திவிட்டது.

தனிச் சொல்லுக்கு மதிப்பில்லை

இது மூன்று நீதிபதிகளின் தனிப்பட்ட கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. சாட்சியச் சட்டம் 1872இல் பிறந்தது. வன்புணர்ச்சி வழக்கில் அந்தப் பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சொல்லை மதிப்பிழக்கச் செய்யலாம் என்று அதில் ஒரு உட்பிரிவே இருந்தது, 155(4). திருடனை அடையாளம் காட்டும் கடைக்காரரிடம் ‘உமக்குக் குடிப்பழக்கம் உண்டா’ என்று கேட்பதற்கு அப்படி ஒரு தனிப்பிரிவு கிடையாது.

பெண் சொல்வதை வேறொரு சான்று தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற பழக்கமும் ஊறியிருந்தது. 1951இல் ராமேஸ்வர் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் எடைபோட்டது. நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, துணைச் சான்று வேண்டும் என்பது சட்டம் அல்ல, எச்சரிக்கை மட்டுமே என்றது. அந்தச் சிறுமி சில மணி நேரத்துக்குள் தாயிடம் அழுது சொன்னதே போதிய துணைச் சான்று என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் கீழே போகப் போக எச்சரிக்கை மட்டும் தங்கியது, விதிவிலக்கு மறந்தது. குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவனின் வாக்குமூலத்தை எப்படிச் சந்தேகத்தோடு பார்ப்பார்களோ, அப்படியே பாதிக்கப்பட்டவளின் சொல்லையும் பார்த்தார்கள். அவள் உடந்தையாளி அல்ல, காயம்பட்ட சாட்சிக்கு நிகரானவள் என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சந்திரபிரகாஷ் வழக்கில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு ஆசிரியர்களின் கடிதம்

தேசாய்கஞ்ச் தீர்ப்பு வந்து ஓராண்டு யாரும் சத்தம் போடவில்லை. 1979 செப்டம்பரில் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள்: உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர். அடங்கிப்போவதும் சம்மதமும் ஒன்றா என்பதே அந்த மடலின் மையக் கேள்வி. நாக்பூர் கிளை ஏற்கெனவே கேட்ட கேள்விதான். மடல் கைமாறிக் கைமாறிப் பரவியது. 1980இல் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. சட்ட ஆணையம் தன் 84ஆவது அறிக்கையைக் கொடுத்தது.

1983 திருத்தச் சட்டம் அதிலிருந்து பிறந்தது. காவலர், அரசு ஊழியர் போன்றோர் தம் பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் செய்யும் வன்புணர்ச்சி தனிக் குற்றமானது. குறைந்தபட்ச தண்டனை 10 ஆண்டு. சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு நுழைந்தது. இத்தகைய வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று அவள் சாட்சியம் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மறுக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். அதாவது, தாளில் உள்ள இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை நீதிபதியின் மனப்படத்துக்கு விடாமல் சட்டமே சொல்லிக்கொடுத்தது.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். தேசாய்கஞ்ச் வழக்கை நாடே அந்தப் பெண்ணின் பெயரால்தான் இன்றும் அழைக்கிறது. நான் எழுதவில்லை.

ஃபியட்டா, அம்பாசிடரா?

சட்டம் மாறியதும் படிக்கும் கண் மாறிவிடவில்லை. 1984 மார்ச்சில் பஞ்சாபில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுத் திரும்பிய 16 வயது நிரம்பாத மாணவியைக் காரில் கடத்திக்கொண்டு போனார்கள். வயலில் பம்புசெட் அறையில் இரவு முழுக்க வைத்திருந்தார்கள். காலையில் பிடித்த இடத்துக்கு அருகிலேயே இறக்கிவிட்டார்கள். அவள் போய் அன்றைய சுகாதாரப் பாடத் தேர்வை எழுதினாள். எழுதி முடித்து நண்பகலில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அப்பா முதலில் ஊர்த் தலைவரிடம் போனார். பஞ்சாயத்தில் சமரசம் பேசப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகுதான் போலீஸ்.

விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. சொன்ன காரணங்களைக் கேளுங்கள். அவளுக்கு ஃபியட் காருக்கும் அம்பாசிடருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கார் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது அவள் கத்தவில்லை. தேர்வறையில் ஆசிரியரிடமோ தோழியரிடமோ சொல்லவில்லை. புகார் தாமதம். போதாததற்கு அவள் நடத்தை பற்றியும் ஒரு வரி.

வழக்கு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஜனவரியில் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் எழுதிய குர்மீத் சிங் தீர்ப்பு, அதே காரணங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தது. கிராமத்துப் பெண்ணுக்குக் கார் வகை தெரியாததில் என்ன அதிசயம்? கொன்றுவிடுவோம் என்று மிரட்டிய மூன்று பேருக்கு நடுவில் அவள் எப்படிக் கத்துவாள்? பரீட்சை முடிந்ததும் முதலில் அம்மாவிடம் சொன்னது இயற்கைதானே? இப்படிப்பட்ட புகாரில் குடும்ப மானத்தை எண்ணித் தயங்குவது எந்த வீட்டிலும் நடக்கும். சாட்சியம் நம்பத் தக்கதாக இருந்தால் துணைச் சான்று தேடத் தேவையில்லை என்றது. பாதிக்கப்பட்டவளின் ஒழுக்கம் பற்றித் தீர்ப்பில் எழுதுவதைக் கண்டித்தது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், தீர்ப்பில் பெயர் வரக் கூடாது என்றது.

சாட்சியம் அதே சாட்சியம். மாறியது அதன் எதிரே உட்கார்ந்திருந்தவரின் கேள்வி. ‘ஒரு நல்ல பெண் என்ன செய்திருப்பாள்?’ என்பது போய், ‘இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட இந்தப் பெண் என்ன செய்ய முடியும்?’ என்பது வந்தது.

இந்த மாற்றத்துக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. 1983இல் பர்வாடா வழக்கில், சாட்சிக்கு வீடியோ டேப் மாதிரி நினைவு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் அருமையாகச் சொன்னது. ஆனால் பெண்ணை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு அது தந்த காரணம்: இந்தியப் பெண் மானத்துக்கு அஞ்சுபவள், பொய்ப்புகார் கொடுத்துத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டாள். நம்பிக்கை கிடைத்தது, ‘மானமுள்ளவள்’ என்ற அளவுகோல் அப்படியே இருந்தது. அந்த அளவுக்குள் அடங்காதவளின் கதி என்ன?

இரண்டு விரல்

அதற்குப் பதில் பல ஆண்டுகள் மருத்துவ அறிக்கையில் இருந்தது. பிறப்புறுப்பில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, ‘உறவுக்குப் பழக்கப்பட்டவள்’ என்று ஒரு வரி. சான்றாவணமாக மேலே போய், எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகும். 155(4) 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒழிந்தது. பிறந்து 130 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் வாய்மொழியாகக் கேட்கக் கூடாது என்று சட்டம் தடுத்த கேள்வியை அந்த விரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன.

2013இல் லில்லு வழக்கில் இந்தச் சோதனை கண்ணியத்துக்கு எதிரானது என்றது உச்ச நீதிமன்றம். தடைசெய்யும்படி 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று ஜார்க்கண்ட் வழக்கில், இனி இதைச் செய்பவர் முறைகேட்டுக் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அந்த வழக்கிலும் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவரை உயர் நீதிமன்றம் விடுவித்திருந்தது. மரண வாக்குமூலத்தை நம்பி உச்ச நீதிமன்றம் தண்டனையைத் திருப்பிக் கொண்டுவந்தது.

இன்று

இன்றைய மேல்முறையீட்டு நீதிபதியின் மேசையில் தாள் மட்டும் இல்லை. மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலம் இருக்கும், டி.என்.ஏ. அறிக்கை இருக்கலாம். சட்டமும் பேசிவிட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என்று 2013 திருத்தம் எழுதியே வைத்தது. தேசாய்கஞ்ச் தீர்ப்புக்குப் பாராளுமன்றம் 35 ஆண்டு கழித்துக் கொடுத்த பதில் என்று அதைப் படிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறின. 114ஏ இப்போது பாரதிய சாக்‌ஷ்ய சட்டத்தின் 120, உள்ளடக்கம் தொடர்கிறது.

இதனால் பெண் சொன்னாலே தண்டனை என்று நினைப்பது தவறு. 2008இல் ராஜு வழக்கில், அவள் சொல்லை ஒவ்வொரு முறையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது, பொய்யாகச் சிக்கவைக்கும் வாய்ப்பையும் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2012இல் ராய் சந்தீப் வழக்கில், ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்க வேண்டுமானால் அந்தச் சாட்சியம் மாசில்லாத தரத்தில், முதல் தகவல் அறிக்கை முதல் குறுக்கு விசாரணை வரை ஒரே நூலில் கோத்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அந்த வழக்கில் விடுதலையும் செய்தது. கீழே விடுதலையானவரை மேலே தண்டிப்பது இன்னும் கடினம். அவர் பக்கம் நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது.

ஆகவே எடைபோடுவது நிற்கவில்லை. தராசில் எதை வைக்கலாம் என்பதுதான் மாறியது. இருட்டில் மணி எட்டா எட்டரையா என்ற முரண் சிறியது. ஆளே வேறா என்ற முரண் பெரியது. காயம் இல்லாமை, தாமதம், பழைய காதல், உடுத்திய உடை இவை தராசிலிருந்து இறங்க வேண்டியவை. இறங்கினவா? 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில், பலவீனமாகச் சொன்ன ‘வேண்டாம்’ சம்மதமாகவும் இருக்கலாம் என்ற வாதத்தில் விடுதலை கொடுத்தது. 2021 ஜனவரியில், கொய்யாப்பழம் தருவதாகச் சிறுமியை அழைத்துப் போனவர் ஆடைக்கு மேல்தான் தொட்டார், தோலோடு தோல் படவில்லை, ஆகவே சிறார்களுக்கான போக்சோ சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்றது ஒரு கிளை. எந்தக் கிளை? 1976இல் அடங்கிப்போவது சம்மதமல்ல என்று சொன்ன அதே நாக்பூர் கிளைதான். பத்து மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கு 45 ஆண்டுக்கு முன் கீழே நியாயம், மேலே பிசகு. இந்த முறை கீழே பிசகு, மேலே நியாயம். நீதிமன்றங்களுக்கு நேர்க்கோட்டில் முன்னேறும் பழக்கம் கிடையாது.

வாச்சாத்தி வரை

தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். எதிரிகள் 269 பேர். எல்லாரும் அரசு ஊழியர்கள். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் மீதி 215 பேரையும் தண்டித்தது. அதில் 17 பேர் வன்புணர்ச்சிக்காக.

மேல்முறையீடு 12 ஆண்டு நடந்தது. 2023 மார்ச் 4 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் ஒரு காரியம் செய்தார். தாள்களை மூடிவைத்துவிட்டு வாச்சாத்திக்கே போனார். ஊரையும் சம்பவம் நடந்ததாகச் சொன்ன இடங்களையும் கண்ணால் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று, கீழ்த்தீர்ப்பு வந்த அதே தேதியில், எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். சாட்சியங்கள் முன்னுக்குப் பின் ஒட்டியிருக்கின்றன, நம்பலாம் என்றார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்சம். அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க உத்தரவு.

அரசு ஊழியர் தம் பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் செய்யும் வன்புணர்ச்சி தனிக் குற்றம் என்ற சட்டம், வாச்சாத்தி நடந்தபோது புத்தகத்தில் இருந்தது. தேசாய்கஞ்ச் நிலையத்தில் விளக்கு அணைந்த இரவால் வந்த சட்டம் அது. குற்றச் சட்டம் பின்னோக்கி ஓடாது. அதனால் அந்தக் கூலிப்பெண்ணுக்கு அது உதவவில்லை. அவள் வழக்கில் கடைசித் தீர்ப்பு 1978இன் தீர்ப்புதான். எதிரிகள் விடுதலை, அவள் சொன்னது பொய். அவளால் எழுதப்பட்ட சட்டத்தை ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் யாராவது வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கோப்பில் மட்டும் ஊசியின் மேல்தான் பழி.